தி. நகர் வீடும் மாம்பலத்துத் தண்ணீரும்

சுயம்புலிங்கத்திடம் ஒரு பெண் புடவை எடுக்க வந்தால், எதை எடுக்கப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். உஸ்மான் ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் ஏழு வருஷமாகப் பட்டுப் பிரிவில் நிற்கிறவன். விற்க நினைத்த புடவையை முதலில் காட்டவே மாட்டான். மங்கலாக நாலைந்தை விரித்து, வந்தவள் முகம் சோர்ந்துபோகும் சமயம் பார்த்து, ஏதோ தவறிக் கைபட்டதுபோல அதை எடுத்து உதறுவான். பில் போடுகிறவர் அப்போதே பேனா மூடியைத் திறந்துவிடுவார்.

இந்த வித்தையை எழுபத்திரண்டாம் வருஷம் மே மாதம் சொந்தப் பெண்டாட்டியிடமே காட்டப் பார்த்தான். கொழுப்புத்தானே!

பெண்டாட்டி தங்கம் வீடு பார்க்கச் சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தாள். ஏழு வருஷமாக அவள் ஊரில். இவன் கடை மாடியில் முப்பது பேரோடு பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தான். பொங்கல் வியாபாரம் முடிந்ததும் பத்து நாள் லீவு கிடைக்கும். ஆறு வயது மகள் சரோஜாதேவி முதல் நாலு நாள் இவனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஏழாம் நாள்தான் மடியில் ஏறுவாள். பத்தாம் நாள் இவன் பஸ் ஏறிவிடுவான். இப்போது குடும்பத்தைக் கூட்டிவர முதலாளி ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு அமைய வேண்டும்.

இரண்டு வீடு கைவசம் இருந்தது. ஒன்று மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்த ஷஃபியுல்லாவின் வீட்டில் பாதி.

“இன்னா அண்ணே யோசிச்சிக்கினு கீறே? கிணறு கீது, முருங்க மரம் கீது, ரெண்டு ரூம் கீது. கொசு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி” என்றான் ஷஃபியுல்லா.

மற்றது தி. நகரிலேயே, கடைக்குப் பின்தெருவில். ஆறு குடித்தனத்துக்கு நடுவே ஒரு அறை, ஒரு சமையற்கட்டு.

சுயம்புலிங்கத்தின் மனசு அந்த ஒற்றை அறையில்தான் இருந்தது. பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட முக்கால் மணி நேரம் விடுவார்கள். தி. நகர் என்றால் நாலு நிமிஷத்தில் வீடு. மாம்பலம் என்றால் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கிப் போய்வரவே அந்த நேரம் போய்விடும். காலையில் கிளம்பி, மகள் தூங்கின பிறகு திரும்புகிறவனுக்கு அந்த முக்கால் மணியை விட்டால் குடும்பம் ஏது? ஆனால் இதைத் தங்கத்திடம் சொல்ல அவனுக்கு வெட்கம். ‘உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது’ என்று எட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் ஒரு கார்டுகூட எழுதியதில்லை. அதனால் வியாபாரம் பண்ணினான்.

முதலில் மாம்பலம். பாலம் வழியாகப் போகாமல், உச்சி வெயிலில் சுரங்கப்பாதையைச் சுற்றி, சாக்கடை ஓரமாகவே அழைத்துப்போனான். திரும்பி வந்ததும் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, அவள் குளிர்ந்த சமயத்தில் தி. நகர் அறையை விரித்தான்.

தங்கம் இரண்டு வீட்டிலும் தானே கிணற்றில் இறைத்து, ஒரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு தூக்குவாளிகளில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். மாம்பலத்துத் தண்ணீர் ‘தங்கம்’ என்று பெயர் வெட்டின வாளியில், தி. நகர்த் தண்ணீர் அவள் அம்மா ‘தேவானை’ பெயர் வெட்டினதில்.

“எந்தத் தண்ணியில பருப்பு வேகுதோ, அந்த வீடு” என்றாள். அவர்கள் தெருவில் யார் வீடு மாறினாலும் அதுதான் பரீட்சை. துவரம்பருப்பையும் ஊரிலிருந்தே முடிந்து எடுத்துவந்திருந்தாள்.

அவள் தங்கியிருந்தது சிந்தாதிரிப்பேட்டையில், சித்தி வீட்டில். தங்கம் சித்தியோடு கொல்லைப்பக்கம் போன நேரத்தில் சுயம்புலிங்கம் தேவானை வாளியிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தான். உப்பு! இதில் பருப்பு வேகாது. வாளிகளை இடம் மாற்றலாமென்றால் பெயர் வெட்டியிருக்கிறது. சித்தியின் செம்பை எடுத்து, அதில் ஊற்றி இதில் ஊற்றி, தண்ணீரை மாற்றிவிட்டான்.

இரண்டு ஸ்டவ், இரண்டு பாத்திரம், அரை மணி நேரம்.

“பாத்தியாட்டி! தி. நகர் தண்ணியில எப்படிக் கரைஞ்சிருக்குன்னு பாரு!” என்றான்.

“நான் இன்னும் மூடியே தொறக்கலியே” என்றாள் தங்கம்.

அவள் நிதானமாக மூடிகளை எடுத்தாள். தங்கம் வாளித் தண்ணீரில் பருப்பு கூழாங்கல்லாகக் கிடந்தது. தேவானை வாளித் தண்ணீரில் கரைந்து குழைந்திருந்தது.

“தி. நகர்த் தண்ணிதான் உப்புன்னு அங்கயே குடிச்சுப் பாத்துட்டேன். காலையில ஒங்க கடையில நின்னு, நீங்க புடவை விரிக்கிறதையும் பாத்தேன்லா. அதே மாதிரிதான் வீட்டையும் விரிச்சிய. அந்த அறையில அப்படி என்னதான் இருக்கு?”

அவன் ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டு சொன்னான். “கடைக்குப் பக்கம். மத்தியானம் ஓடி வந்து ஒன்னையும் பிள்ளையையும் பாத்துட்டுப் போலாம். ஏழு வருஷம் போயிட்டுல்லா, தங்கம்.”

தங்கம் வெந்த பருப்பையே வெகுநேரம் கடைந்துகொண்டிருந்தாள்.

“இதைச் சொல்லவா இந்தப் பாடு?” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “சரி, தி. நகரே இருக்கட்டும். ஆனா பருப்பு வேகணும். அதுக்கு வழி நீங்கதான் பாக்கணும்.”

ஜூன் முதல் தினமும் காலை ஆறு மணிக்கு, பட்டுப் பிரிவு சுயம்புலிங்கம் இரண்டு கையிலும் தூக்குவாளியோடு ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கினான்.

“குடித்தனம் அங்க, தண்ணி இங்கியா? ஷோக்காக் கீது அண்ணே!” என்று ஷஃபியுல்லா தினமும் சிரிப்பான்.

அவன் சிரித்துவிட்டுப் போகட்டும். பன்னிரண்டரை மணிக்குப் பின்தெருவில் சுயம்புலிங்கத்தின் செருப்புச் சத்தம் கேட்கும். முதல் வாரம் சரோஜாதேவி கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். மூன்றாவது வாரம் வாசலுக்கே வந்து, “யம்மா, அப்பா வந்தாச்சு, சோறு போடு!” என்று ஆறு குடித்தனத்துக்கும் கேட்கும்படி கத்தினாள்.