காலிப்பரில் நான் எழுதிய ‘இ’யும் ‘வ’வும்

என் சகலை புதிதாக வாங்கிய காரின் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். எனக்கு வந்த வினை அங்கேதான் தொடங்கியது.

அவர் என் மனைவியின் தங்கை கணவர். சிறுசேரியில் மென்பொருள் வேலை, நாவலூரில் அடுக்குமாடி வீடு. சாவியை நீட்டி, “ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கண்ணா” என்றார். பெடலில் கால் பெருவிரல் பட்டதுமே வண்டி நின்றது. இறங்கி, “பரவாயில்லை” என்றேன். அதற்கு மேல் புகழ மனம் வரவில்லை.

என்னிடம் இருந்தது ஒரு கிழட்டு வேன். ஏதோ பள்ளிக்கூடம் கழித்துவிட்டதைத் தரகர் மூலம் வாங்கி, இரண்டு மரக்கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் வைத்து ஓடும் வீடாக்கியிருந்தேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஜன்னல்களுக்குத் திரை தைத்தாள். தாம்பரத்தில் எங்கள் தெருவே அதைப் பார்த்துச் சிரிக்கும். அவள் மட்டும் சிரித்ததில்லை. ஒருநாள் சகலை அதில் ஏறிப் பெடலை மிதித்துவிட்டு, “அண்ணா, இது பிரேக் இல்ல, வேண்டுதல். மிதிச்சிட்டு சாமி கும்பிடணும்” என்றார். அன்று அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டேன். வீட்டில் பாதுகாப்புக்காக என்று சொன்னேன்.

திருமுடிவாக்கத்தில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் நான் ஸ்டோர்கீப்பர். கைக்கு வந்த பொருளின் மேல் பெயிண்டால் எழுதிவைக்காவிட்டால் எனக்கு நிலைகொள்ளாது. காயலான் கடையில் ஒரு வண்டியிலிருந்து காலிப்பர்களைக் கழற்றினார்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வாய்கள் அவை. நான் வண்டிக்கு எதிரே நின்று, இடதுக்கு ‘இ’, வலதுக்கு ‘வ’ என்று வெள்ளைப் பெயிண்டால் எழுதிக்கொண்டேன். எங்கள் தெருமுனை மெக்கானிக் அந்த எழுத்தைப் பார்த்தே மாட்டினார்.

பெடல் பஞ்சாக இருந்தது.

“லைன்ல ஏர் கீது சார். எடுத்துட்டா கல்லு மாரி நிக்கும்” என்றார் மெக்கானிக். குழாயில் சிக்கிய காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மகள் மேலே பெடலை மிதிப்பாள். நான் கீழே படுத்து, காலிப்பரில் காற்றை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து மூடுவேன். “மிதி. பிடி. விடு.” மூன்று ஞாயிறு இதே பாட்டு. மாஸ்டர் சிலிண்டரின் வாஷரை மாற்றினோம். கசிவு எங்குமில்லை. முதல் மிதிக்குப் பெடல் தரைக்குப் போகும், மூன்றாவது மிதிக்குப் பிடிக்கும். “மூணு தபா மிதிங்கோ சார், பழகிடும்” என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார்.

சகலை போன் செய்தார். “டிஸ்க் எப்படிண்ணா இருக்கு? நான் வந்து பாக்கட்டுமா?”

“உங்க கார் தோத்துடும்” என்றேன். மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

அந்த வாரமே அவளைக் கல்லூரியில் விட முடிச்சூர் சாலையில் போனபோது, முன்னால் போன பேருந்து நிறுத்தத்துக்கு முன்பே சட்டென்று நின்றது. மிதித்தேன். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தேன். அவள் இரண்டு கைகளையும் டாஷ்போர்டில் ஊன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது மிதியில் நின்றது. பேருந்தின் பின்புறத்துக்கும் எங்கள் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பின்னால் தண்ணீர் டிரம் உருண்டு கட்டிலில் மோதியது. அவள் என்னைத் திட்டவில்லை. கதவைத் திறந்து இறங்கி, அதே பேருந்தில் ஏறிப் போய்விட்டாள்.

இதை எழுதும்போதுகூட அந்தத் திரும்பிய முகம்தான் தெரிகிறது.

ஞாயிறு காலை சகலை வாசலில் நின்றார். அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெக்கானிக்கையும் வரவழைத்து, வெள்ளைச் சட்டையோடு வேனுக்கு அடியில் படுத்தார் அந்த மனிதர். அவருக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டேன். என் மகளின் உயிரே போயிருக்கக்கூடிய வண்டி அது. அப்போதும் அப்படித்தான் வேண்டினேன்.

பத்து நிமிடத்தில் குரல் வந்தது. “அண்ணா, காத்து மேலதானே போய் நிக்கும்? நிப்பிள் ரெண்டும் கீழ பாத்துட்டு இருக்கு. எத்தனை தடவை திறந்தாலும் ஆயில்தான் வரும். இடது வலது மாறியிருக்கு. யார் எழுதினது இது?”

“சார்தான்” என்றார் மெக்கானிக். பிறகு என் பக்கம் திரும்பி, “எதிர்ல நின்னுகினா எழுதினீங்கோ? டிரைவர் சீட்ல குந்திகினு பாக்கணும் சார் லெஃப்டு ரைட்டு. இன்னா சார், கண்ணாடில மூஞ்சி பாக்கற மாரி எழுதிக்கீறீங்க!”

மகள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலிப்பர்களை இடம் மாற்றினார்கள். நிப்பிள்கள் மேலே வந்தன. இந்த முறை அவள் மிதிக்க, சகலை திறந்தார். நிப்பிளில் மாட்டிய நிறமற்ற பிளாஸ்டிக் குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. “சித்தப்பா, கல்லு மாதிரி ஆயிடுச்சு!” என்று கத்தினாள். அந்தக் கத்தல் எனக்கு வரவேண்டியது.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே. நான் சாவியை எடுத்தேன். அவள் ஏறவில்லை. “சித்தப்பா ஓட்டட்டும்பா” என்றாள், மெதுவாக.

சாவியைக் கொடுத்தேன். அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால், நான் செய்த கட்டிலில். முடிச்சூர் சாலையில் அவர் மிதித்த ஒவ்வொரு முறையும் வேன் ஒரே மிதிக்கு நின்றது. என் வலது கால் மட்டும் தரையை ஒன்று, இரண்டு, மூன்று என்று மிதித்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். “நிக்குதுப்பா. காலை எடுங்க.”

எடுக்க முடியவில்லை.