இடது தொடை

மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு உடற்கூறு நடந்த அந்த வருடம், பாதியிலேயே என் மேஜைத் தோழி படிப்பை விட்டுவிட்டாள். மைசூரில் நல்ல வரன் அமைந்திருந்தது. கடைசி நாளன்று வெள்ளைக் கோட்டை மடித்து என் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்கோ, எனக்கு இனிமே எதுக்கு?" என்றாள். அழவில்லை.

அதுவரை ஒரு மேஜையில் இருந்த உடலின் இடது காலை நாங்கள் இருவரும், வலது காலை எதிர்ப்பக்கம் இரண்டு மாணவர்களும் அறுத்துப் படிப்பதாக ஏற்பாடு இருந்தது. இனி இடது கால் எனக்கு மட்டும் என்றாகிவிட்டது. எதிரே இருந்தவர்கள் மரியாதைக்காரர்கள். வகுப்பில் ஒரு பெண்ணிடம் எவ்வளவு பேசலாமோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே பேசினார்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. அப்பா மைசூர் ராஜ்ய அரசின் உத்தியோகத்தில் இருந்தவர். அவர் மறைந்த பிறகு, அம்மா பம்பாயில் என் அண்ணனோடு இருக்கப் போய்விட்டாள். என் படிப்பு நிற்கக் கூடாது என்று அதே ஊரில் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் பின்னறையை எனக்கு அமர்த்தியிருந்தார்கள். பிறந்து வளர்ந்த ஊரிலேயே வாடகைக்கு இருப்பது விசித்திரமாக இருந்தது. முதலில் அவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். ஒரு நாள் வீட்டுக்கார அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் கையில அந்த மருந்து வாசனை வருது. பிள்ளைங்க சாப்பிட மாட்டேங்குதுங்க. இனிமே தட்டை உன் ரூமுக்கே அனுப்பிடறேன்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. எலுமிச்சம்பழம், சீயக்காய், லைஃபாய் சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். உடலைக் கெடாமல் வைக்க ஊற்றுகிற பார்மலின் நகக்கண்ணை விட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து அறையில் தனியாகச் சாப்பிட்டேன். முன்னறையில் சிரிப்பும் ரேடியோவும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சுக்குப் போனதும் வீடு முழுக்க நான் ஒருத்தியாக இருப்பேன். அப்போது படிப்பதற்காக வைத்திருந்த தொடை எலும்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். வாரத்தில் நான் அதிகம் பேசியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் மேஜையில் இருந்தவள் வயதான பெண். மிக மெலிந்தவள். இடது தொடையின் முன்பக்கம், முழங்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கையளவு தோல் கறுத்திருந்தது. பழைய தீக்காயம் என்று நினைத்தேன். கத்தி வைத்தபோது அந்த இடம் மட்டும் குதிகால் மாதிரி தடித்து, வெட்டவே வரவில்லை. தோலை நீக்கினேன், அதன் கீழிருந்த வெள்ளை உறையைப் பிரித்தேன். சிவந்த தசையைக் காணோம். தொடையின் முன்பக்கம் நான்கு தசைகள் சேர்ந்து முழங்காலை நீட்டுகின்றன. உடம்பிலேயே வலுவான கட்டு அது. அந்த இடத்தில் வெளிறிய மஞ்சள் இழைகளும் கொழுப்பும்தான் இருந்தன. இடுப்பின் பக்கவாட்டிலும், நடக்கும்போது இடுப்பைச் சாயாமல் பிடித்து நிறுத்துகிற தசை இருக்க வேண்டிய இடத்தில், நைந்த துணி போன்ற ஒன்று இருந்தது. எதிர்ப்பக்கம் வலது காலில் எல்லாம் புத்தகத்தில் போட்டது போலத் தடிமனாக இருந்தன.

நான் கெடுத்துவிட்டேன் என்றுதான் முதலில் பயந்தேன். உதவிப் பேராசிரியரிடம் காட்டினேன்.

"இது சரிவராதும்மா," என்றார். "இதுல படிச்சா எக்ஸாம்ல ஒண்ணும் அடையாளம் தெரியாது. நாளைலேர்ந்து ஜன்னலோரம் இருக்கற டேபிள்ல நின்னுக்கோங்க."

ஜன்னலோர மேஜையில் ஏற்கெனவே கூட்டம். அவர்களின் தோள்களுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.

சனிக்கிழமை காய்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். ஒரு கால் சூம்பியிருந்தது. அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் குனிந்து, கையால் தொடையைப் பின்னுக்கு அழுத்தினார். அழுத்தினால்தான் முழங்கால் மடங்காமல் நிற்கும். பிறகு உடம்பை அந்தப் பக்கமே சாய்த்து, மற்ற காலைத் தூக்கி வைத்தார். அவர் கை பட்ட இடத்தில் வேட்டி அழுக்கேறிப் பளபளத்தது.

நான் கத்தரிக்காய்க் கூடைகளின் நடுவே அப்படியே நின்றுவிட்டேன். "அம்மா, வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா வழிய விடு!" என்று கடைக்காரி அதட்டினாள்.

திங்கட்கிழமை யாரும் வருமுன் உடற்கூறுக் கூடத்துக்குப் போய், உரித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த அந்தத் தடித்த தோலை எடுத்தேன். அது தீக்காயமே இல்லை. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, வாழ்நாள் முழுக்கத் தன் உள்ளங்கையாலேயே தன் காலைப் பிடித்து நிறுத்தி நடந்திருக்கிறாள். கையைப் பார்த்து உறுதிசெய்ய வழியில்லை. கைப்பகுதியை வேறு மாணவர்கள் முன்பே அறுத்து முடித்திருந்தார்கள். என் கையை அந்தத் தோலின் மேல் வைத்துப் பார்த்தேன். அளவு ஏறக்குறையச் சரியாக இருந்தது.

உதவிப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டார். அன்று பிற்பகல் எங்கள் மேஜையைச் சுற்றி வகுப்பே நின்றது. நான் விளக்கினேன். யாரோ "வெரி குட் கேஸ்" என்றார்கள். மணி அடித்ததும் கலைந்து போனார்கள். பேசிய வேகம் அடங்காமல் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

கூடத்தைப் பார்த்துக்கொள்கிற பணியாளர் வாளியோடு வந்தார். தொம்மலூர்க்காரர், நடுவயது. இவள் எங்கிருந்து வந்தவள் என்று கேட்டேன்.

"தர்ம வார்டுல இருந்த கெழவிம்மா. கேக்கறதுக்கு யாரும் வரல, இங்க அனுப்பிட்டாங்க. பேரு கூட சரியா தெரியாது."

ஜன்னலோர மேஜைக்கு நான் திரும்பப் போகவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அங்கே போய் நல்ல தசைகளைப் பார்த்துக்கொள்வேன். மற்ற நேரமெல்லாம் என் மேஜைதான். வாய்மொழித் தேர்வில் இடுப்புத் தசையைப் பற்றித்தான் கேட்டார்கள். அது இல்லாவிட்டால் எப்படி நடப்பார்கள் என்று தேர்வாளருக்கு நடந்து காட்டினேன். சிரித்துவிட்டுப் பாஸ் போட்டார்.

வருட முடிவில் உடல்களில் எஞ்சியவற்றைப் புதைக்க எடுத்துப் போவார்கள். நானும் வருகிறேன் என்று பணியாளரிடம் சொன்னேன்.

"பொம்பளைங்க அங்கல்லாம் வர மாட்டாங்களேம்மா."

"நான் வரேன்."

அவர் இடுகாட்டுக்கு வழி சொன்னார். வண்டி முன்னால் போக, நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். காலை வெயில். குழி முன்பே தோண்டியிருந்தது. இடுகாட்டுக் காவலாளி என்னைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில், "சொந்தக்காரங்களா?" என்று கேட்டான். பணியாளர் என் முகத்தைப் பார்த்தார்.

"காலேஜுல இருந்து வந்திருக்காங்க," என்றார் அவர்.

அவள் எந்தச் சாமியைக் கும்பிட்டாள் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் எதுவும் ஓதவில்லை. ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். வாசலில் இருந்த குழாயில் கை கழுவும்போது, "காபி சாப்பிடுறியாம்மா?" என்று பணியாளர் கேட்டார். சாலையோரக் கடையில் நின்று குடித்தோம். அவர் பெண்ணுக்கு அம்மை போட்டிருப்பதாகச் சொன்னார். வேப்பிலை கட்டினால் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் பிரசவம் பார்க்கும் டாக்டராகத்தான் ஆனேன். தொடைத் தசைகளின் பெயர்கள் பாதி மறந்துவிட்டன. அன்று அந்த இடுகாட்டுச் சாலையில் பஸ் வர நேரமாயிற்று. லீவு விட்டாயிற்று, கல்லூரிக்கும் போக வேண்டியதில்லை, அறைக்குப் போனாலும் தட்டு மட்டும்தான் வரும். எந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.