இரண்டாவது சாவி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஊசி என்று பேர். கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கும் நோயாளிகளின் அங்கிகளுக்கும் ஒட்டுப்போட்டுத் தைப்பதால் வந்த பேர். நாக்குக்காக வந்தது என்பவர்களும் உண்டு, அதுவும் பொய்யில்லை. பதினொரு வருஷமாக அதே ஜன்னலோரத் தையல் மெஷின். நாலு மேஜை தள்ளி, ஆவி பறக்கும் இஸ்திரி மெஷினில் நிற்பவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா.

அந்த நாத்தனாரின் இடுப்பில் தொங்கும் கொத்தில் ஒரு பித்தளைச் சாவி, ஊசியின் வீட்டுச் சாவி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அது அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடிப்பதெல்லாம் கிடையாது. தானே கதவைத் திறந்துகொண்டு வருவாள். கொடியில் கிடக்கும் தம்பியின் சட்டையை மோந்து பார்த்து, "சோப்பு மாத்திட்டியா?" என்பாள். பஸ் ஓட்டும் அந்தத் தம்பியோ அக்காவைக் கண்டதும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பான். ஊசிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். பொறாமைதான், வேறு பேர் வைத்துப் பூசி மெழுக வேண்டாம். தன்னைப் பார்த்து அவன் கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்தால் அவளுக்கு வருஷம்கூட ஞாபகம் வரவில்லை.

இந்த எரிச்சல் வெளியே வழிந்தது இங்கிலீஷ் வகுப்பில். வார்டுகளுக்குத் துணி கொண்டுபோகும் வேலை வேண்டுமானால் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசத் தெரியவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆவியிலிருந்து தப்பிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஷிஃப்ட் முடிந்ததும் சாப்பாட்டு அறையிலேயே வகுப்பு. முதல் பாடம் குடும்பம். ஆளுக்கொரு போட்டோ கொண்டுவந்து, பக்கத்தில் இருப்பவரின் குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாத்தனார் கொண்டுவந்த போட்டோவில் சீருடையோடு தம்பி. ஊசி கொண்டுவந்ததிலும் அதே ஆள், அதே சீருடை. டீச்சர் நாத்தனாரின் போட்டோவை எடுத்து ஊசியிடம் காட்டினாள்.

"ஹூ இஸ் ஹீ?"

"மை ஹஸ்பண்ட்."

"அது சரிம்மா. இப்ப நீங்க அவங்க குடும்பத்தைப் பத்தில்ல சொல்றீங்க? ஹெர் பிரதர்."

ஊசி போட்டோவை உற்றுப் பார்த்தாள். மடிப்புக் கலையாத காலர். இஸ்திரி போட்டது யாராம்?

"மை ஹஸ்பண்ட்."

வகுப்பே சிரித்தது. நாலு வாரம் போயும் கதை மாறவில்லை. யாருடைய மகனையும் மாமியாரையும் அவரவருக்குச் சரியாகப் பிரித்துக் கொடுத்தாள். இந்த ஒருத்தனை மட்டும் விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை.

"ஹெர் பிரதர்னு சொன்னா வாயா வெந்துடும்?" என்றாள் ஒருநாள் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள்.

"நீ உன் புருஷனை உன் நாத்தனார் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு வா, அப்புறம் பேசலாம்."

நாலு மேஜை தள்ளி நாத்தனாரின் காதில் அது விழுந்தது. அவள் தலையணை உறைகளைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சைக்கு இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். வெளியிலிருந்து வந்த பரீட்சைக்காரர், நாத்தனார் இடுப்பிலிருந்து கழற்றி மேஜையில் வைத்திருந்த சாவிக்கொத்தை எடுத்து, ஒவ்வொன்றாகக் காட்டி அவளிடம் யாருடையது என்று கேட்டார். மை ஹவுஸ், மை லாக்கர் என்று ஒழுங்காகத்தான் போனது. பித்தளைச் சாவி வந்தது. நாத்தனார் நிறுத்தினாள். சொல்லட்டும், மை பிரதர்ஸ் ஹவுஸ் என்று சொல்லட்டும், இன்றைக்கு வீட்டில் ஒரு கை பார்த்துவிடலாம் என்று பல்லைக் கடித்தாள் ஊசி.

"ஹெர் கீ," என்றாள் நாத்தனார். "ஹெர் ஹவுஸ். ஹெர் ஹஸ்பண்ட்."

பிறகு நகத்தால் வளையத்தை நெம்பிச் சாவியைக் கழற்றி ஊசியின் முன்னால் வைத்தாள்.

"எங்கிட்டயே தங்கிப்போச்சு. வெச்சுக்கோம்மா."

அடுத்து ஊசியின் முறை. பரீட்சைக்காரர் நாத்தனாரின் போட்டோவைக் காட்டினார். "ஹெர் பிரதர்," என்று தடங்கலே இல்லாமல் வந்தது. இவ்வளவு லேசாக வந்ததே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. இருவரும் தேறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமான நேரத்துக்கு வாசல் மணி அடித்தது. ஊசி கதவைத் திறந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு நாத்தனார் நின்றிருந்தாள்.

"வரலாமா?"

சவர நுரையோடு அவன் ஓடிவந்தான். "என்னக்கா, மணியெல்லாம் அடிக்கிறே? சாவி எங்க?"

"உன் பொண்டாட்டிகிட்ட இருக்குடா."

அவன் மனைவியைப் பார்த்தான். ஒரு பல்கூடத் தெரியவில்லை.

"உள்ள வாங்க அண்ணி," என்றாள் ஊசி. எத்தனை வருஷம் ஆசைப்பட்ட சாவி! இப்போது அடுக்களை ஆணியில் தொங்குகிறது. எடுத்து அண்ணியின் கையில் திணித்துவிடலாமா என்று நினைத்தாள், கால் நகரவில்லை.

நாத்தனார் கொடிப்பக்கம் போகவில்லை. கதவோரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள்.

அந்த வீட்டில் அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை.