பாலம் கேட்ட தலைச்சன்

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் புதிதாக ஒரு பெரிய ரோடு குறுக்கே வருகிறது. தரையில் ஓடுகிற ரோடு இல்லை. ஒன்று மேலே போகிறது, ஒன்று அதற்கும் மேலே போகிறது, இன்னொன்று முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிக்கொண்டு வந்து இரண்டிலும் சேர்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பஸ் நிற்கிற இடத்தை எங்கேயோ தள்ளி வைத்துவிட்டார்கள். இறங்கி, தூண் தூணாகக் கடந்து, சர்வீஸ் ரோட்டைப் பிடிப்பதற்குள் என் முட்டி இரண்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிடுகின்றன.

போன வாரம் அப்படித்தான் ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் அங்கே கம்பி கட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயசு. என்னைப் பார்த்ததும் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "ஏம்மா, உங்க வூட்ல நீதான் தலைச்சனா?" என்று கேட்டேன். வடக்கத்திப் பெண். ஒன்றும் புரியாமல் சிரித்தாள். கூட வந்த பேத்திக்குத்தான் மானம் போய்விட்டது.

"இன்னா ஆயா, தண்ணி குட்தவங்கள போயி இன்னா கேள்வி கேக்குற? எயுந்துரு, பஸ்ஸு பூடும்."

தலைச்சன் என்றால் வீட்டுக்கு முதல் பிள்ளை. ஏன் அப்படிக் கேட்டேன் என்று பஸ்ஸில் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கு எழுத்து வராது. அவள்தான் என் பேச்சைத் தலைவாரிப் பொட்டு வைத்து எழுதுகிறாள்.

எனக்குப் பால் பல் விழுகிற வயசில் மாகறல் பக்கம் செய்யாற்றில் பாலம் கட்டினார்கள். நைனா நெஞ்சுக் கோளாறில் கயிற்றுக் கட்டிலோடு கிடந்தார். அறுப்பு முடிந்த கோடை, வயலில் வேலை இல்லை. அம்மா பாலத்துக்கு மண் தூக்கப் போனாள். எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். கலவை மெஷின் சுற்றுவதைப் பார்க்கவே கூட்டமாகப் போவோம். அதைவிடப் பெரிய ராட்டினத்தை நாங்கள் பார்த்ததில்லை.

ஆற்று மணலில் தூண் நிற்க வேண்டுமென்றால் முதலில் கிணறு இறக்க வேண்டும். நம் வீட்டு உறைக்கிணறு மாதிரிதான், ஆனால் ஒரு வீடே உள்ளே போகிற அகலம். உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட அது தன் கனத்தில் தானே இறங்கும். ஆம்பளைகள் அடியில் தோண்டுவார்கள். பொம்பளைகள் சாரத்தில் படிப்படியாக நின்று சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். இரண்டு கிணறு ஒழுங்காக இறங்கியது. மூன்றாவது பாதியில் சாய்ந்துகொண்டு நின்றுவிட்டது. தேங்காய் உடைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். அசையவில்லை.

அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. "பாலம் தலைச்சம் புள்ள கேக்குதாம்டி! பலி குட்தாதான் நிக்குமாம்!"

தலைச்சன் பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். தெருவில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் ராஜா மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. நான் தலைச்சன். தம்பி இன்னும் தவழ்கிற பிள்ளை, நைனா கட்டிலடியிலேயே கிடப்பான். என்னைப் பூட்டி வைக்க வீட்டில் ஆளில்லை, அம்மாவுக்கோ வேலைக்குப் போகாமல் முடியாது. அதனால் என்னைத் தவிட்டுக்கு விற்றுவிட்டாள்.

எங்கள் பக்கம் அப்படி ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்கு ஆபத்து என்றால் வேறொரு வீட்டுக்கு அதைத் தவிட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டால் தேடி வருகிற கெட்டது ஏமாந்து போகும். எதிர் வீட்டு அத்தைக்கு வீடு நிறையப் பிள்ளைகள். அவள் ஒரு முறம் தவிட்டோடு வாசலுக்கு வந்தாள்.

"தவுட நல்லா சலிச்சிக் கொணாந்துக்கிறேன். நீ புள்ளய சலிச்சிக் குட்பியா?" என்றாள். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என் முன்னால் குனிந்து, "பாலம் நிக்கிற வரிக்கும் என்ன அம்மான்னு கூப்புடாத. அக்கான்னு சொல்லு. நீ இப்ப அவங்க வூட்டுப் புள்ள, தெரிதா?" என்றாள்.

முதல் இரண்டு நாள் சுகமாகத்தான் இருந்தது. அத்தை வீட்டில் சண்டைக்கு ஆள் உண்டு, படுக்கையில் உதைக்க ஆள் உண்டு. பிறகு சாயங்காலமானால் விளையாட்டை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். அம்மா மண் படிந்த காலோடு தெருவில் வருவாள். அத்தை வாசலில் நிற்கிற என்னைப் பார்க்காமலே தன் வீட்டுக்குள் போவாள். விளக்குகூட ஏற்றாமல் படுத்துவிடுவாள்.

ஒருநாள் மதியம் யாருக்கும் சொல்லாமல் பாலத்துக்குப் போனேன். சாய்ந்த கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். சாரத்தின் கடைசிப் படியில், பொம்பளைகள் எல்லாருக்கும் கீழே, அம்மா. சட்டியை வாங்கக் கை நீட்டியிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கிணறு ஒரு குலுக்குக் குலுக்கி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. மணல் சரசரவென்று சரிந்தது. எனக்குப் பாலமும் மறந்தது, தவிடும் மறந்தது. "அம்மா!" என்று கத்திவிட்டேன்.

எல்லாத் தலையும் மேலே திரும்பியது.

"யாரு புள்ள இது? இங்க வந்து நிக்குது?" என்றார் மேஸ்திரி.

அம்மா முகத்து மணலைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எதிர் வூட்டுக்காரி புள்ள. அவளுக்கு அது எத்தினியாவதோ, யாருக்குத் தெரியும்? தொரத்தி வுடு மேஸ்திரி," என்றாள். சொல்லிவிட்டு அடுத்த சட்டிக்குக் குனிந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆற்று மணல் சுட்டது எனக்குத் தெரியவே இல்லை. என்னை நிஜமாகவே விற்றுவிட்டாள் என்று அழுதுகொண்டே வீடு வந்தேன்.

பிற்பாடு கிணற்றின் உயர்ந்த பக்கத்தில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். அது சமர்த்தாக நிமிர்ந்து இறங்கிவிட்டது. பிள்ளை கிள்ளை எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே அம்மா அதே முறத்தில் தவிட்டோடு அத்தை வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, நா வரல," என்றேன்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வெளியே வருவதற்குள் முறத்தை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனாள். தவிடு ஒரு பக்கமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அடியே, அவ எயுந்திருக்க மாட்டா. நீ போயி வூட்ல வெளக்கு ஏத்து, போ," என்றாள் அத்தை. போனேன். கோபம் போகவில்லை.

அப்புறம் எவ்வளவோ காலம் போய்விட்டது. நானும் பெற்று வளர்த்தேன். அம்மா செத்த அன்றைக்கு அவளுடைய தம்பி, என் மாமா, அந்தப் பாலத்து வழியாகத்தான் சைக்கிளில் வந்தார். வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு, "எங்க வூட்டுத் தலைச்சன் பூட்ச்சே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். குடத்தோடு நின்றிருந்த நான் அதைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மாவும் தலைச்சன்தான். பாலம் கேட்கிறது என்று ஊரில் எல்லாரையும்விட அதிகமாக நம்பினவள் அவள். நம்பித்தானே என்னை விற்றாள்? அவளைக் கேட்டு வாங்க எவளும் முறத்தோடு வரவில்லை. தினமும் விடிந்ததும் எழுந்து போய் அந்தக் கடைசிப் படியில் நின்றாள்.

கிணற்று விளிம்பில் படுத்திருந்த எனக்கு, அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.