“யாராச்சும் எடுங்க” என்ற தெபோராள் அக்கா

தெபோராள் அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு பேனர் படமாகத்தான் வந்தது. எங்கள் வடக்கனந்தல் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அக்கா மைக் பிடித்திருக்கும் பழைய போட்டோ, கீழே தங்க எழுத்தில் ‘எங்கள் ஆராதனை வீராங்கனை’. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கியவர்கள்தான் அந்தப் பேனரையும் அடித்திருந்தார்கள்.

அக்காவை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். அவர் பாடிய கூட்டங்களில் கீபோர்டு வாசித்தவன் நான். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் அக்கா. வெட்டும்போது அவர் பாடியதைக் கேட்டுத்தான் சபையின் பழைய பாஸ்டர் ஆராதனையில் பாட்டு நடத்தக் கூப்பிட்டார். அதன் பிறகு சின்னசேலம் தொடங்கிக் கல்வராயன் மலை வரைக்கும் அவர் குரல் போகாத ஊர் கிடையாது. ஆனாலும் திங்கட்கிழமை விடிந்தால் கொடுவாளைத் தூக்கிக்கொண்டு வெட்டுக்குப் போய்விடுவார்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஊரில்தான் அவருடைய முறையை முதன்முதலில் பார்த்தேன். ஐந்து கட்டையில் சுதி கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். கூட்டத்தைப் பார்த்து, “யாராச்சும் எடுங்க” என்றார். செல்லம்மா என்ற பெண், கனத்த கரகரத்த குரலில் ஒரு பாட்டை எடுத்தார். நான் எங்கே கை வைத்தாலும் ஒட்டவில்லை.

“இன்னாக்கா இது?” என்று பல்லைக் கடித்தேன்.

“தேடு தம்பி. உன் பொட்டியில அத்தினி கட்டை இருக்குது. அவங்களுக்கு இருக்கறது ஒரே தொண்டை” என்றார்.

தேடினேன். கிடைத்தது. அன்றைக்கு ஊரே பாடியது. அக்கா இரண்டாம் வரியில்தான் சேர்ந்துகொண்டார். எந்த மேடையிலும் முதல் வரியை அவர் பாடி நான் கேட்டதேயில்லை.

புது பாஸ்டர் வந்தார். கூடவே லேப்டாப்பும் வந்தது. சென்னையில் பதிவு செய்த இசை, அவருடைய மைத்துனர் குரலுக்கு ஏற்ற உச்ச சுதி. பட்டனைத் தட்டினால் பாட்டு ஓடும், யாருக்காகவும் நிற்காது. கரும்பு வெட்டி, மூட்டை தூக்கி, தொண்டை தடித்துப்போன பெண்கள் அந்த உயரத்துக்கு எங்கே போவார்கள்? ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள்.

அக்கா நேராகப் போய்க் கேட்டார். “நம்ம ஜனங்க பாடவே இல்லீங்க பாஸ்டர்.”

“நெட்டுல லைவ் போய்க்கினு இருக்குது சிஸ்டர். சுதி பிசகினா அசிங்கமா இருக்கும்.”

“லைவ்ல பாக்கறவங்களா வந்து பாடப் போறாங்க?”

அவ்வளவுதான். ‘வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள்’ என்று பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். என் கீபோர்டுக்கும் ஒரு துணியைப் போர்த்தினார்கள். வேறு சபைக்குப் போய்விடலாம் என்றேன். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நா ஏன் போவணும்? இது இன்னா அவுரு வூடா?” என்றார். இரண்டு வருஷம், ஒரு ஞாயிறு தவறாமல் வந்து அந்தப் பாயில் உட்கார்ந்தார்.

அடக்கத்துக்கு மலையிலிருந்து ஒரு மினி லாரி நிறையப் பெண்கள் வந்தார்கள். குழிக்கரையிலும் லேப்டாப்! பாட்டு ஓடியது. அந்தப் பெண்கள் கூடவே பாடிப் பார்த்தார்கள், சுதி எட்டவில்லை, நிறுத்திக்கொண்டார்கள். செல்லம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “இன்னாப்பா, அக்காவுக்குக்கூட நாங்க பாடக் கூடாதா?”

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

“பிரதர்! லைவ்!” என்று மைத்துனர் பதறினார்.

“போவட்டும்யா உன் லைவ்வு” என்றேன். செல்லம்மா எடுத்தார். அழுகையில் சுதி ஏறியும் இறங்கியும் போனது. அத்தனை பேரும் அதன் கூடவே போனார்கள். மண் மூடும்வரை பாடினார்கள்.

எங்களை மன்னித்துவிடுங்கள், அக்காவே அதைத்தான் விரும்பியிருப்பார் என்று பாஸ்டர் பக்கத்து ஆட்கள் இப்போது எனக்கு ஆள்விட்டுச் சொல்கிறார்கள். அக்கா மன்னித்திருக்கலாம். அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள பேச்சு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த முறையைத்தான். போன ஞாயிறு, லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே போய்க் கீபோர்டின் துணியை உருவிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். “யாராச்சும் எடுங்க” என்றேன். யாரும் எடுக்கவில்லை. இரண்டே வருஷத்தில் பாட மறக்கடித்துவிட்டார்கள், பாவிகள். பாஸ்டர் முறைத்தார். முறைக்கட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துக் கடைசிப் பாயில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எந்தக் கட்டை என்று தேட ஆரம்பித்தேன்.