ஆர்டிஸ் நடந்துபோய் அடித்த மான்

ஆர்டிஸ் ட்வைட் பதினெட்டு வருஷமாக எங்கள் நோர்டால் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் அறுபது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தாலும், கடைசி வரிசையில் எவன் எவள் சடையை இழுக்கப்போகிறான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். நாற்பத்தாறாவது வயதில் அவளுக்கு வில்வேட்டையில் ஆசை வந்தது. கணவன் லோவெல் தன் பழைய வில்லைக் கொடுத்தான். கோடை முழுக்க வைக்கோல் கட்டின்மேல் அம்பு விட்டுப் பழகினாள். இருபத்தைந்து கஜத்திலிருந்து விட்ட ஐந்து அம்புகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் நிற்கும். குறியில் குறையே இல்லை. எந்த முறையில் வேட்டையாடுவது என்பதில்தான் சிக்கல்.

எங்கள் ஊர் வில்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பரண். ஓக் மரத்தில் பதினைந்தடி உயரத்தில் ஏறி உட்கார்ந்தால், மான் மேலே பார்க்காது, வாடையும் பிடிக்காது. லோவெலின் தம்பி டுவேன் அண்ணிக்கென்றே ஒரு பரண் கட்டிக்கொடுத்தான். முதல் நாள் காலையிலேயே ஒரு பெண் மான் நேர் கீழே வந்து நின்றது. அம்பு விட இரண்டு கையும் வேண்டும். ஆர்டிஸின் இரண்டு கையும் மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தன. கடைசியில் டுவேன்தான் ஏணி போட்டு, ஒவ்வொரு படியாகப் பேச்சுக் கொடுத்து இறக்கினான்.

"அண்ணி மானைப் பிடிக்கப் போகல. மரத்தைக் கல்யாணம் பண்ணிக்கப் போனாங்க" என்று அன்று மாலையே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

அடுத்த வருஷம் தரையில் துணிக்கூடாரம் போட்டு உட்கார்ந்தாள். உயரமில்லை, பயமில்லை. ஆனால் நாலாபக்கமும் துணி. ஒரு சின்ன ஜன்னலில் தெரிவதுதான் காடு. பிள்ளைகளின் மூச்சு மாறுவதைக்கூடக் கேட்டுப் பழகிய காதுக்கு அங்கே ஒன்றும் எட்டவில்லை. இதமான சூட்டில் தூங்கிப்போனாள். விழித்தபோது கூடாரத்துக்கு வெளியே ஈரமண்ணில் புதிய குளம்புத் தடங்கள்.

"குறட்டைச் சத்தம் கேட்டு, யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு பாக்க வந்திருக்கும்" என்றான் டுவேன்.

மூன்றாம் வருஷம், நவம்பர் முதல் வாரம், எங்கள் பெட்ரோல் பங்கில் பஸ்ஸுக்கு டீசல் நிரப்ப வந்தாள். வேட்டையில் அடித்த மான்களை அரசாங்கக் கணக்கில் பதிவு செய்யும் மேசை அங்கேதான் இருந்தது. அந்த மேசை என் பொறுப்பு. டுவேனும் காப்பியோடு நின்றுகொண்டிருந்தான்.

"இந்தத் தடவை நடந்துபோய் அடிக்கப் போறேன்" என்றாள்.

டுவேன் காப்பியைக் கீழே வைத்தான். "நடந்தா? வில்லோடயா? அண்ணி, சருகு நொறுங்குற சத்தம் மானுக்கு அரை மைல் கேக்கும். துப்பாக்கிக்காரனே நடந்து தேடப் பயப்படுவான்."

"சருகு நனைஞ்சிருந்தா?"

"மழையில எவன் வேட்டைக்குப் போவான்?"

"அதான் நான் போறேன். எனக்குக் கிடைக்கிறது எட்டரையிலேருந்து ரெண்டு மணி வரைக்கும்தான். நீங்க எல்லாரும் வீட்டுல சூப் குடிக்கிற நேரம். ஆண் மான் இந்த வாரம் பொண்ணு தேடி மத்தியானம்கூட அலையும். நீயேதானே சொன்னே?"

டுவேன் காப்பியை மறுபடி எடுத்துக்கொண்டான். சொன்னது அவன்தான்.

வியாழக்கிழமை விடியற்காலை தூறல் பிடித்துக்கொண்டது. மேற்கிலிருந்து காற்று. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, சரசரக்காத கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒன்பது மணிக்கு டுவேன் வீட்டுக்குப் பின்னாலுள்ள குடும்பக் காட்டில் நுழைந்தாள். காற்று முகத்தில் அடிக்கும்படி நடந்தாள். இரண்டு அடி வைப்பாள், நிற்பாள், நூறு வரை எண்ணுவாள். கால் முதலில் வெளி ஓரத்தில் பதியும். கீழே குச்சி இல்லையென்று தெரிந்த பிறகே பாரம் இறங்கும். இரண்டு மணி நேரத்தில் முந்நூறு கஜம்கூடப் போகவில்லை. சலிப்பே தட்டவில்லை. கூடாரத்தில் செத்துக்கிடந்த கண்ணும் காதும் இங்கே விழித்துக்கொண்டன. முழு மானைத் தேடாமல், காட்டோடு ஒட்டாத எதையும் விடாமல் பார்த்தாள்: படுக்கைவாட்டில் ஒரு முதுகுக்கோடு, ஓர் ஈர மூக்கின் பளபளப்பு.

பதினொன்றேகாலுக்கு, விழுந்து கிடந்த ஓக் மரத்துக்கு அப்பால் ஒரு காது அசைந்தது. பெண் மான். ஆர்டிஸ் நகரவில்லை. அந்த மான் இரண்டு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தது. பின்னால் எவனோ வருகிறான் என்று பஸ் ஓட்டிய அனுபவம் சொன்னது.

வந்தான். கழுத்து தடித்த, கொம்பு அகன்ற பெரியவன். தலை தரையோடு இருக்க, பெண் மானின் வாடையைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு கஜத்தில் கடந்தான். தலை ஓர் அடிமரத்துக்குப் பின்னால் மறைந்த கணத்தில் ஆர்டிஸ் நாணை இழுத்தாள். தலை வெளியே வந்து, தோளும் வந்தது. அம்பை விட்டாள். தோளுக்குப் பின்னால் அம்பு புகுந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். மான் துள்ளிச் சரிவில் பாய்ந்து மறைந்தது.

உடனே துரத்தினால் அடிபட்ட மான் ஓடிக்கொண்டே போகும். காத்திருந்தால் ரத்தத்தடத்தை மழை கழுவிவிடும். தன் குறியை நம்பி இருபது நிமிஷம் நின்றாள். பிறகு சிவப்புச் சொட்டுகளைத் தொடர்ந்து எழுபது அடி நடந்தாள். சரிவின் அடியில், ஓடைக்கரையில், அவன் கிடந்தான். பக்கத்தில் மண்டியிட்டு ஈரக் கழுத்தில் கை வைத்து, "நன்றிப்பா" என்றாள். பிறகு எழுந்து, தொண்டை கிழிய ஒரு கத்து கத்தினாள்.

வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்து, கொம்பில் தன் வேட்டை உரிமச் சீட்டைக் கட்டியபோது மணி ஒன்று. நூறு கிலோவை ஒருத்தியாக இழுக்க முடியாது. மேலே ஏறிப்போய் டுவேன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் கையில் சூப் கரண்டியோடு வந்தான்.

"டிராக்டரை எடு. ஓடைக்கரையில ஒருத்தன் படுத்திருக்கான். இழுத்துக் கொண்டுவந்து வை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"என்ன, குட்டியா?"

"போய்ப் பாரேன்."

நாலேகால் மணிக்கு, கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு அவள் எங்கள் பங்குக்கு வந்தபோது, மானை ஏற்றி வந்த டுவேனின் வண்டியைச் சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். கொம்பில் பத்துக் கிளை. அந்த வருஷம் வில்லால் அடித்து என் மேசைக்கு வந்த மான்களில் அதுதான் பெரிது. டுவேன், தானே பெற்றெடுத்தவன்போல, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"நடந்தே போய் அடிச்சாங்கய்யா! பதினெட்டு கஜம்! மழையில!"

லோவெல் மனைவியின் தொப்பியைக் கழற்றி, நனைந்த தலையில் முத்தம் கொடுத்தான். கூட்டம் விசிலடித்தது.

அடுத்த வருஷம் முதல் மழைநாளில், காலை எட்டே முக்காலுக்கு, புதுக் கம்பளிச் சட்டையோடு டுவேன் அவள் வாசலில் நின்றான்.

"அண்ணி, நானும் வரட்டுமா?"

ஆர்டிஸ் அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். "வா. ஆனா வாயைத் தொறந்தே, மரத்துல ஏத்தி விட்டுடுவேன்."