கோட்டைக் கதவு எங்கே போனது?

ஜெர்மனியின் எர்லாங்கனில் வேலை முடிந்ததும் சைக்கிளில் ஜெர்மன் வகுப்புக்குப் போய்வந்த காலம் அது. பேச்சுத் தேர்வுக்கு ஆசிரியை ஒரு விதி வைத்தார்: ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பழைய கட்டடம் ஒன்றைப் பற்றிக் குறிப்பு எழுத வேண்டும், சீட்டுக் குலுக்கி, இருவர் இருவராக அடுத்தவர் ஊரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். நானும் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும் ஜோடி. எங்களுக்கு வந்தது, வகுப்பிலிருந்த ஜப்பானியப் பெண்ணின் ஊரில் இடிந்து கிடக்கும் கோட்டை.

எனக்கு அலுவலகத்தில் ஆங்கிலமே போதும். அக்காவுக்கு அப்படியில்லை.

"இந்தச் சான்றிதழ் இல்லாட்டி அவுஸ்பில்டுங் இல்லைப் பிள்ளை" என்றார். முதியோர் இல்லத்தில் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தார்.

பழுது அறிக்கை எழுதிப் பழகிய கை என்னுடையது. கோட்டையின் வரலாற்றை ஐந்தே வரியாக்கினேன்.

1. பிரபு குன்றின் மேல் கட்டினார்.
2. இடி விழுந்து கோபுரம் எரிந்தது.
3. வாரிசுகள் திரும்பக் கட்டவில்லை.
4. பிரபுக்களின் ஆட்சி ஒழிந்தது. அரசு கோட்டையைப் பிரித்து விற்றது.
5. மீதி: கல் அடித்தளம், அகழி.

"என்ன இது, கடைக்குக் குடுத்துவிடுற துண்டு மாதிரி?"

"அஞ்சு பாயிண்ட்தான் அக்கா. தப்பே வராது. கடைசி ரெண்டும் உங்களுக்கு."

"ஓம், பிழை வராது. கதையும் வராது."

தேர்வன்று நான் முதலில் பேசினேன். மூன்றாவது வரியில் நிறுத்த வேண்டும். ஆனால் ஒரு பட்டியலை நடுவில் விட்டு எனக்குப் பழக்கமில்லை, ஐந்தையும் சொல்லிவிட்டேன். கடிகாரத்தில் இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

அக்கா என் காதருகே குனிந்தார். "எனக்கு என்ன பிள்ளை மிச்சம் வச்சனீர்?"

பதிலுக்குக் காத்திராமல், பலகையில் ஒட்டியிருந்த கோட்டைப் படத்தின் முன் போய் நின்றார். உடைந்த ஜெர்மனில் கேட்டார்: "விற்றார்கள் என்றால் யாரோ வாங்கினார்கள். இந்தக் கோட்டைக் கதவை வாங்கியது யார்? வீடு சின்னது, கதவு பெரியது. மனைவி என்ன சொன்னாள்?"

பிறகு அவரே மனைவியானார், அவரே கணவனானார், கதவை இழுத்துவரும் மாடாகவும் ஆனார். ஜப்பானியப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் கையைத் தூக்கினாள். கதவு அவள் தெருமுனைக் கோயிலில் இருக்கிறதாம். வாசலுக்கு அடங்காமல் அடியில் அறுத்தார்களாம். அதைக் குறிப்பில் எழுத அவளுக்குத் தோன்றவேயில்லை. அக்கா விடவில்லை: யார் அறுத்தது, யார் திட்டியது, அறுத்த துண்டு எங்கே? ஆசிரியைதான் கடைசியில் நிறுத்தினார்.

முடிவுத் தாளில் எனக்குத் தேர்ச்சி, கீழே ஒரு குறிப்பு: 'பேச்சு மிகக் குறைவு.' அக்காவின் தாளில் தேர்ச்சி மட்டும். அதை அவர் மூன்று தரம் வாசித்தார். பிறகு என் பட்டியலைத் தட்டிக் காட்டினார்.

"ஆறாவதா எழுதும் பிள்ளை: அக்கா பாஸ்."